காதுக்குத் துணையான கருவி



இறுப்பிட்டியிலோ வேறெந்தத் தீவுக் கிராமத்திலோ, காது மந்தமான அப்பு ஒருவர் இருக்கும் வீட்டில், "மிசின் பூட்டியும் விளங்கேல்லையோ?" என்று சலித்துக்கொள்வது வழக்கம். இச்சலிப்பு நியாயமானதா? கருவி இயங்கும் விதத்தை அறிந்தால் விடை கிடைக்கும்.

மின்சாரக் காதுக் கருவி தொலைபேசியின் வழியில் வந்தது. அமெரிக்கரான மில்லர் ரீஸ் ஹட்சிசன் 1890களின் பிற்பகுதியில் அதனை அமைத்தார். ஒலிவாங்கி, பற்றரி, காதிற் பிடிக்கும் ஒலிகருவி என்பன அதன் மூன்று உறுப்புகள். ஒலிவாங்கியில் மெல்லிய தகடொன்றும், அதன் பின்னே கரித்துணிக்கைகளும் இருந்தன. பேச்சொலி தகட்டை அழுத்த, துணிக்கைகள் நெருங்கி மின்னோட்டம் கூடும். தகடு விலக, அது குறையும். இந்த ஏற்றத்தாழ்வு காதருகே உள்ள மின்காந்தத்தை இயக்கி, அங்குள்ள தகட்டை அதிரச் செய்யும். குரல் மின்னோட்டத்தை ஆள்கிறது. வலிமையைத் தருவதோ பற்றரி. ஆதலாலேயே ஒலி பெருகிற்று.

ஆயினும் குறைகள் பல. துணிக்கைகள் இரைச்சல் எழுப்பின. சில வேளைகளில் இறுகிக்கொண்டன. பேச்சின் மெல்லிய உயர்ந்த ஒலிகள் சரியாக வரவில்லை. கடுமையான செவிட்டுத்தன்மைக்கு அது போதவில்லை. 1920களில் வந்த வால்வுக் கருவிகள் ஒலியை மேலும் பெருக்கின. ஆனால் வால்வின் இழையைச் சூடாக்க ஒரு பற்றரியும், உயர் அழுத்தத்துக்கு வேறொன்றும் வேண்டியிருந்தன. 1947இல் கண்டுபிடிக்கப்பட்ட திரான்சிஸ்டர், 1950களின் தொடக்கத்தில் இக்கருவிகளில் இடம்பெற்றதும் அச்சுமை நீங்கியது.

இன்றைய இலக்கமுறைக் கருவிகள் பேச்சையும் இரைச்சலையும் ஓரளவு வேறுபடுத்துகின்றன. எனினும், உட்செவி பழுதுற்றால், பெருக்கிய ஒலியும் தெளிவாய் விளங்காது. கண்ணாடி அணிந்ததும் எழுத்துத் தெரிவதுபோல, கருவி பூட்டியதும் பேச்சு விளங்கிவிடும் என எண்ணலாகாது.

எனவே, குறை முதியவரிடமில்லை. அருகே வந்து, வெளிச்சத்தில் முகம் தெரிய நின்று, உரத்துக் கத்தாமல் நிதானமாகப் பேசுங்கள். வானொலியை நிறுத்துங்கள், ஒருவர்பின் ஒருவராய்ப் பேசுங்கள்.

குழந்தை ஒலிக்குத் திரும்பாவிடின், "பிந்திப் பேசும்" என்று காத்திராமல் வைத்தியரிடம் காட்டுங்கள். மொழி பதியும் காலம் காத்திராது. ஒலியைப் பெருக்குவது கருவியின் வேலை. அதை விளங்கும் பேச்சாக்குவதில் நமக்கும் பங்குண்டு.