கைரம்பத்தால் சிறு கிளைகளை அறுக்கும் முறை

களத்திலும் தோப்பிலும் இராக்காவல் தங்குவோர், அடுப்பெரிப்பதற்குக் காய்ந்த கிளைகளைக் கைரம்பத்தால் அறுத்துக்கொள்வதுண்டு. வேலை சிறிதேயாயினும், அஜாக்கிரதையால் விரல் இழக்க நேரிடும். கிளை அசைந்தால் ரம்பம் துள்ளிப் பிடித்த கையின்மேல் பாயும். ஆதலின் கிளையை அசையாது நிறுத்துவதே முதற் கடமையாகும்.

கிளையைத் தாழ்ந்த கட்டையொன்றின்மேல் கிடத்தி, முழங்காலால் அழுத்திக்கொள்ள வேண்டும். அறுக்குமிடம் கட்டைக்கு வெளியே நீண்டிருத்தல் அவசியம். அப்போது துண்டு தன் பாரத்தால் தாழ, வெட்டு வாய் விரியும். இருமுனையும் தாங்கியிருக்க நடுவே அறுத்தால், கிளை தொய்ந்து வாய் மூடி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். கவ்விய ரம்பத்தை வலிந்து இழுத்தலாகாது. கிளையைச் சற்று உயர்த்தி விடுவித்தல் வேண்டும்.

பிடிக்கும் கை, வெட்டுமிடத்திலிருந்து ஒரு சாணேனும் விலகியிருக்க வேண்டும். முதலில் ரம்பத்தைத் தன்பக்கமாக இரண்டு மூன்று முறை மெல்ல இழுத்துத் தடம் உண்டாக்குக. பிறகு முழுநீளமும் பயன்படும்படி நிதானமாக அறுக்கலாம். முடியுந் தறுவாயில் அழுத்தத்தைக் குறைக்காவிடில், ரம்பம் சட்டென இறங்கித் தொடையைக் கிழித்துவிடும்.

வளைந்து இறுகி நிற்கும் கிளை, அறுபட்டவுடன் வில்லெனத் தெறிக்கும். அதனைத் தொடாதிருத்தல் நலம். விறகுவேலையைப் பொழுது சாயுமுன்னரே முடித்து, ரம்பத்தை உறையிலிட்டு வைக்க வேண்டும்.

காயம்பட்டால் சாணமோ மண்ணோ பூசலாகாது. அவற்றால் ரணஜன்னி உண்டாகக்கூடும். சுத்த ஜலத்தாலும் சோப்பாலும் கழுவி, தூய துணியால் அழுத்திக் கட்டி, தாமதமின்றி வைத்தியரிடம் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுதல் உசிதம்.