கையொப்பமிட்ட ஆப்லெட் மறுக்கப்படுவது ஏன்?

இணையம் வழி டெண்டர் அனுப்பும் நம் சங்க அன்பர்கள் சிலர், கடைசி நாளில் ‘பாதுகாப்புக் காரணத்தால் தடுக்கப்பட்டது’ என்ற அறிவிப்பைக் கண்டு பதறி என்னிடம் வந்ததுண்டு. “செக்யூரிட்டியைக் குறைத்துவிட்டால் ஓடிவிடும்தானே?” என்பார்கள். ஓடும், ஆனால் அது கதவைக் கழற்றி வைப்பதற்குச் சமம் என்பேன்.

ஆப்லெட் என்பது பிரௌசருக்குள் ஓடும் சிறிய ஜாவா நிரல். கையொப்பமில்லாத ஆப்லெட் நம் கணிப்பொறியின் கோப்புகளைத் தொட முடியாது. டிஜிட்டல் கையொப்பமிட்ட ஆப்லெட்டோ, நாம் சம்மதித்தால், கோப்புகளையும் யு.எஸ்.பி. டோக்கனையும் அணுகும். டோக்கனில் இருப்பது நம் கையெழுத்து. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அது நம்மைக் கட்டுப்படுத்தும். ஆகவே தடுக்கப்பட்டதும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. தேதி சரியா? தாய்ப்பலகையின் பேட்டரி தீர்ந்தால் கணிப்பொறி பழைய ஆண்டுக்குப் போய்விடும். சான்றிதழ் ‘இன்னும் தொடங்கவில்லை’ என்று வரும். கடிகாரத்தைத் திருத்தினால் போதும்.

2. கையொப்பமிட்டவர் யார்? தமக்குத் தாமே சான்றளித்துக்கொண்ட ஆப்லெட்டுகளை, 2014 ஜனவரியில் வந்த ஜாவா 7 அப்டேட் 51 தடுக்கத் தொடங்கியது. அந்தத் தளத்தை நீங்கள் உண்மையாகவே நம்பினால், ஜாவா கன்ட்ரோல் பேனலில் ‘எக்ஸெப்ஷன் சைட் லிஸ்ட்’ பகுதியில் அந்த ஒரு முகவரியை மட்டும் சேருங்கள். பாதுகாப்பு அளவைக் குறைக்க வேண்டாம்.

3. உள்ளடக்கம் மாறியதா? ‘டைஜெஸ்ட் எரர்’ என்றால், கையொப்பமிட்டபின் கோப்பு மாறியுள்ளது அல்லது பாதியில் சிதைந்துள்ளது. ஜாவாவின் தற்காலிகக் கோப்புகளை அழித்து மீண்டும் இறக்குங்கள். பிழை மறுபடியும் வந்தால் நிறுத்திவிட்டுத் தளத்தாருக்குத் தெரிவியுங்கள்.

4. தயாரிப்பாளரின் குறையா? ஜார் கோப்பின் மேனிஃபெஸ்ட்டில் ‘பெர்மிஷன்ஸ்’ வரி இல்லாவிட்டாலும், பழைய எம்.டி.5 முறையில் கையொப்பமிட்டிருந்தாலும் (2017 ஏப்ரல் முதல் ஜாவா இதைக் கையொப்பமற்றதாகவே கொண்டது) குறை அவர்கள் பக்கம். கோப்பைத் திருத்தி மீண்டும் கையொப்பமிட வேண்டியது அவர்களே.

நான்கிலும் தேறினாலும் ஒன்றை மறக்கலாகாது. காசோலையில் கையெழுத்து ஒத்துப்போவதால் கணக்கில் பணம் இருக்கிறது என்று ஆகிவிடாது. அதுபோலவே, கையொப்பம் ‘இது இன்னாருடையது, வழியில் மாறவில்லை’ என்று மட்டுமே சொல்லும். நிரல் நல்லதா என்று சொல்லாது.

குரோம் 2015இலும் ஃபயர்பாக்ஸ் 2017இலும் ஆப்லெட்டைக் கைவிட்டன. 2018இல் வந்த ஜாவா 11இல் அதற்கான பிளக்-இன்னே இல்லை. இன்று பழைய ஜாவாவை வைத்திருக்கும் சில கணிப்பொறிகளில்தான் இது ஓடும். அவற்றை வேறு இணைய வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். டோக்கனில் கையொப்பமிட இப்போது தனி உதவி நிரலை நிறுவச் சொல்கிறார்கள். அதை நிறுவுமுன்னும், அது யாருடையது, அவர்களுடைய தளத்திலிருந்தே இறக்கியதா என்று பாருங்கள். டோக்கனை வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். டெண்டரை இரண்டு நாள் முன்பே அனுப்பிப் பழகினால், அவசரத்தில் எதற்கும் ‘சம்மதம்’ அழுத்த நேராது.