இரும்பு வாணலி, தோசைக்கல் விற்போர் அறிய வேண்டியவை



பாத்திரக் கடை வைத்திருக்கும் நம் அனைவருக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தவறாமல் வரும் புகார் ஒன்று உண்டு. "பத்து நாளைக்கு முன் வாங்கிய வாணலி, அதற்குள் துருப்பிடித்துவிட்டது. மட்டச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டீர்களே!" என்று வாடிக்கையாளர் கல்லா முன் வந்து நிற்பார். நாலு பேர் எதிரில் வாக்குவாதம் வேண்டாமென்று சில்லறை வியாபாரி பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பாத்திரம் மொத்த வியாபாரிகளாகிய எங்களிடம் வரும். எங்களிடமிருந்து பட்டறைக்குப் போகும். கடைசியில் அந்த நஷ்டம் சுத்தியல் பிடிக்கிறவரின் கூலியில் போய் விழும். இத்தனைக்கும் அந்த வாணலியில் ஒரு குறையும் இருந்திராது. அதை எப்படிப் பழக்குவது என்று யாரும் சொல்லாமல் விற்றதுதான் குறை. ஆகவே இச்சரக்கைப் பற்றி நாம் தெளிவாக அறிந்துகொள்வது நம் எல்லோருக்கும் நல்லது.

சரக்கை அறிவோம்

இரும்புப் பாத்திரம் இரு வகை. உருக்கி அச்சில் ஊற்றுவது வார்ப்பிரும்பு. தகட்டை வெட்டி, அடித்து அல்லது அழுத்தி உருவாக்குவது தகட்டிரும்பு. இன்று 'கார்பன் ஸ்டீல்' என்று பெயர் ஒட்டி வருவது இந்த இரண்டாம் வகையே. வார்ப்பிரும்பில் கார்பன் 2 சதவிகிதத்துக்கு மேல் இருக்கும். தகட்டில் 1 சதவிகிதம் அளவிலோ, அதற்கும் வெகு குறைவாகவோ இருக்கும். அதனால் வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் உடைந்து போகலாம்; தகடு உடையாது, நெளியும்.

கொள்முதலின்போது கனத்தைக் கவனியுங்கள். கேஜ் எண் கூடினால் தகடு மெலியும். எஸ்.டபிள்யூ.ஜி. அளவுப்படி 10 கேஜ் சுமார் 3.25 மி.மீ., 14 கேஜ் சுமார் 2 மி.மீ., 16 கேஜ் சுமார் 1.6 மி.மீ. சொன்ன கனம் இருக்கிறதா என்பதைத் தராசே காட்டிவிடும். 30 செ.மீ. விட்டமுள்ள தட்டையான தோசைக்கல் 3 மி.மீ. கனமானால் கைப்பிடி நீங்கலாகச் சுமார் 1,660 கிராம் இருக்க வேண்டும். 2 மி.மீ. என்றால் சுமார் 1,110 கிராம்தான் இருக்கும். மெல்லிய தகடு சூட்டில் எளிதில் நெளியும். நடுவில் தீய்ந்து ஓரத்தில் வேகாது.

துருவும் எண்ணெய்ப் படலமும்

இரும்பு, நீர், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகும். எவர்சில்வரில் கலந்துள்ள குரோமியம் அதைக் காக்கிறது. தகட்டிரும்புக்கு அந்தக் காவல் இல்லை. நாம்தான் எண்ணெயால் காவல் போட வேண்டும். மெல்லியதாகத் தடவிய எண்ணெய் நல்ல சூட்டில் இறுகி, இரும்போடு ஒட்டிய கருமையான படலமாகிறது. வர்ணத்தில் கலக்கும் ஆளிவிதை எண்ணெய் காய்ந்து இறுகுவதும் இதே இனத்து மாற்றம்தான். இப்படலமே துருவைத் தடுக்கிறது. தோசை ஒட்டாமல் எழும்பவும் உதவுகிறது. நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் இதற்கு ஏற்றவை. தேங்காய் எண்ணெய் அவ்வளவு நன்றாக இறுகாது.

பழக்கும் முறை

வாங்குபவரிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்:

1. பட்டறையில் துருவுக்காகத் தடவிய எண்ணெய் போகும்வரை வெந்நீரும் சோப்பும் இட்டு நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவவும்.

2. துடைத்து, அடுப்பில் வைத்து ஈரம் முழுவதும் போகக் காய வைக்கவும்.

3. வெதுவெதுப்பாக இருக்கும்போது சில துளி எண்ணெயை உள்ளும் புறமும் தடவி, பிறகு உலர்ந்த துணியால் எண்ணெயே இல்லை என்னும்படி துடைத்துவிடவும்.

4. ஜன்னலைத் திறந்து வைத்து, மிதமான தீயில் புகை எழுந்து அடங்கும்வரை சூடாக்கி, தானாக ஆற விடவும்.

5. இதையே மூன்று, நான்கு முறை செய்யவும்.

எண்ணெய் அதிகமானால் படலம் இறுகாமல் பிசுபிசுக்கும். சில வீடுகளில் அரிசி கழுவிய நீரில் ஊற வைப்பதும், வெங்காயத்தை வெட்டி எண்ணெயில் தொட்டுத் தேய்ப்பதும் வழக்கம். அவ்வாறு செய்தாலும் உடனே கழுவிக் காய்ச்சி எண்ணெய் தடவுவதை விடக் கூடாது.

சமைக்கும்போது

முதல் சில வாரங்கள் வெங்காயம் வதக்குவது, வறுவல், எண்ணெய் விட்டுச் சுடும் தோசை ஆகியவற்றுக்குப் பயன்படுத்தச் சொல்லுங்கள். புளிக்குழம்பு, ரசம், தக்காளித் தொக்கு வேண்டாம். புளிப்பு படலத்தை அரிப்பதோடு உணவிலும் இரும்பு வாடை ஏற்றும். சமைத்ததை அதிலேயே இரவெல்லாம் வைப்பதும் கூடாது.

அலுமினியத்தைவிட இரும்பில் சூடு மெதுவாகவே பரவும். எனவே சிறு தீயில் சில நிமிடம் காய விட்டு, பிறகு எண்ணெய் விட்டால் ஒட்டாது. இன்டக்‌ஷன் அடுப்பில் இரும்பு நன்கு வேலை செய்யும். ஆனால் அடி தட்டையாக இருக்க வேண்டும். எடுத்தவுடன் முழுச் சூட்டில் வைத்தால் தகடு நெளிந்துவிடும். கொதிக்கும் பாத்திரத்தில் குளிர்ந்த நீரைக் கொட்டினாலும் அதே கதிதான்.

வேலை முடிந்ததும் வெந்நீரில் கழுவி, அடுப்பில் ஒரு நிமிடம் காய வைத்து, துளி எண்ணெய் தொட்டு வைத்தால் போதும். ஊற வைக்கக் கூடாது.

புகார் வந்தால்

புகாரைப் பிரித்துப் பாருங்கள். மேல்துரு என்றால் நாரால் தேய்த்து மறுபடி பழக்கினால் சரியாகும். பிசுபிசுப்பு என்றால் தேய்த்துக் கழுவிவிட்டு மெல்லியதாகத் தடவச் சொல்லுங்கள். இவை பாத்திரத்தின் குறைகள் அல்ல. ஆனால் கைப்பிடி ஆணி தளர்ந்திருந்தாலோ, தகட்டில் விரிசல் இருந்தாலோ, புதிதிலேயே அடி ஆடினாலோ, சொன்ன கனம் இல்லாவிட்டாலோ மறுபேச்சின்றி மாற்றிக் கொடுங்கள். அந்தப் பொறுப்பு நம்முடையது.

கிடங்கில் கவனம்

மழைக்காலச் சரக்கைச் சிமெண்டுத் தரையில் அடுக்காதீர்கள், மரப்பலகை போடுங்கள். சுவரோடு ஒட்டாமல் இடைவெளி விட்டு, பாத்திரங்களுக்கிடையே எண்ணெய்க் காகிதம் வையுங்கள். ஈரச் சாக்கால் மூடாதீர்கள். உப்பு மூட்டையும் இரும்பும் ஒரே அறையில் இருக்கலாகாது. முதலில் வந்ததை முதலில் விற்றுவிடுங்கள்.

சொல்லக் கூடாதவை

"இதில் சமைத்தால் ரத்தசோகை தீரும்" என்று சிலர் விற்கிறார்கள். இரும்புப் பாத்திரத்தில் சமைத்த உணவில் சிறிது இரும்புச்சத்து சேருவது உண்மை. அதற்காக அது மருந்தாகிவிடாது. சிலருக்கு உடலில் இரும்பு கூடுவதே நோய். வைத்தியம் வைத்தியரோடு இருக்கட்டும். "துருவே பிடிக்காது" என்றும் சொல்ல வேண்டாம். நாம் உண்மையாகச் சொல்லக்கூடிய பெருமையே போதுமானது. ஒட்டாத பூச்சுப் பாத்திரத்தில் பூச்சு தேய்ந்தால் அதை வீட்டில் புதுப்பிக்க வழியில்லை. இரும்பில் படலம் போனால் ஒரு மாலை நேரத்தில் வீட்டிலேயே மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். நன்றாகப் பேணினால் பிள்ளைகள் காலத்துக்கும் உழைக்கும்.

பழக்கும் முறையைத் தமிழில் அரைத்தாளில் அச்சிட்டு ஒவ்வொரு பாத்திரத்துடனும் கொடுங்கள். கடைப்பையன்களுக்கும் மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள். ஒரு பாத்திரத்தைப் பழக்கிக் கடை வாசலில் வைத்தால் இன்னும் நல்லது. புதியதையும் பழகியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்கு விளக்கமே வேண்டியதில்லை. ஐந்து நிமிடப் பேச்சுக்குச் சோம்பினால், திரும்பி வந்த பாத்திரத்தோடு ஒரு குடும்பத்தின் வாடிக்கையும் போய்விடும். வரும் மழைக்காலத்துக்கு முன்பே இதைத் தொடங்குவோம்.