ஓவர்டைமுக்குக் காசு உண்டா? லஞ்ச் பிரேக்கை ஆபீஸ் எடுத்துக்க முடியுமா?



"ஆறு மணிக்கு டூட்டி முடியுது. ஆனா தினமும் எட்டு மணி வரைக்கும் இருக்கச் சொல்றாங்க. பே ஸ்லிப்ல ஒரு ரூபாய் கூட ஏறலை." முதல் வேலையில் சேர்ந்த நிறைய பேர் சொல்ற விஷயம் இது. மாசம் ஆயிரம் ரூபாய் எஸ்.ஐ.பி. போட நாலு நாள் யோசிக்கிறோம். அதைவிடப் பெரிய தொகை நம்ம கைக்கே வராமல் போறதை யாரும் கணக்குப் பார்க்கிறதில்லை. இன்னைக்கு அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

எந்தச் சட்டம்?

தமிழ்நாட்டில் கடைகள், தனியார் அலுவலகங்களுக்கு முக்கியமானது 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். ஃபேக்டரியில் வேலை செய்பவர்களுக்கு விதிகள் வேறு. அதை இங்கே பேசவில்லை.

இந்தச் சட்டம் சொல்றது:

- சாதாரண வேலை நேரம் ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி.
- ஓவர்டைமையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி. இதைத் தாண்டக் கூடாது.
- தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. நடுவில் குறைந்தது 1 மணி நேரம் ஓய்வு தரணும்.
- ஓவர்டைம் நேரத்துக்கு, சாதாரண சம்பள விகிதத்தைப் போல இரண்டு மடங்கு தரணும் (பிரிவு 31).

அந்த எட்டு மணி டூட்டியைத் திரும்பப் பாருங்க. தினமும் இரண்டு மணி நேரம் கூடுதல்னா ஒரு நாளைக்கு 10 மணி. அது வரம்புக்குள் இருக்கு. ஆனா ஆறு நாளும் அப்படின்னா வாரத்துக்கு 60 மணி. வார வரம்பான 54-ஐ அது தாண்டிடுச்சு. காசு கொடுத்தாலும் அது சட்டப்படி தப்புதான்.

பணக் கணக்கு

புரிவதற்காக ஒரு எளிய உதாரணம். சம்பளம் 26,000 ரூபாய், மாதம் 26 வேலை நாள், தினம் 8 மணி நேரம். மொத்தம் 208 மணி. ஒரு மணி நேரத்தின் விலை 125 ரூபாய். ஓவர்டைம்னா 250 ரூபாய்.

தினமும் ஒரே ஒரு மணி நேரம் கூடுதலா இருந்தால் மாதம் 6,500 ரூபாய். வருஷத்துக்கு 78,000 ரூபாய்!

லஞ்ச் பிரேக்கிலும் பணம் இருக்கு. 9 மணி முதல் 6 மணி வரை ஆபீஸில் இருந்தால் மொத்தம் 9 மணி நேரம். அதில் 1 மணி ஓய்வு போனால்தான் வேலை நேரம் 8 மணி ஆகும். அரை மணியில் சாப்பிட்டுட்டு சீட்டுக்கு வரச் சொன்னால், தினமும் அரை மணி ஓவர்டைம் பார்க்கிறீங்க. மேலே சொன்ன கணக்குப்படி மாதம் 3,250 ரூபாய். சாப்பாட்டுத் தட்டைப் பக்கத்தில் வெச்சுக்கிட்டு கஸ்டமர் கால் எடுக்கிறதும் ஓய்வு இல்லை, வேலைதான்.

ஆபீஸ் சொல்லும் மூணு பதில்கள்

*"நீங்க எக்ஸிக்யூட்டிவ், உங்களுக்குப் பொருந்தாது."* நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஊர் ஊராகப் போய் வேலை பார்க்கிறவங்களுக்கும் உண்டு. ஆனால் விசிட்டிங் கார்டில் இருக்கும் பதவிப் பெயர் மட்டும் போதாது. நீங்க உண்மையில் செய்யும் வேலை என்னங்கிறது முக்கியம். சட்டம் பொருந்துமா என்று தகராறு வந்தால் முடிவு செய்வது தொழிலாளர் ஆணையர், உங்க ஹெச்.ஆர். இல்லை.

*"எங்க கம்பெனிக்கு விலக்கு இருக்கு."* இருக்கலாம். அரசு அறிவிப்பு மூலம் விலக்கு தர பிரிவு 6 இடம் தருது. அப்படின்னா அரசாணை எண்ணையும், எந்தெந்தப் பிரிவுகளுக்கு விலக்குன்னும் கேளுங்க.

*"காம்ப்-ஆஃப் எடுத்துக்கோங்க."* பிரிவு 31 சொல்றது இரட்டிப்புச் சம்பளம். லீவு பற்றி அது பேசலை.

இன்னொன்று. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பு, ஓவர்டைமுக்குத் தொழிலாளியின் சம்மதம் வேணும்னு சொல்லுது. பத்து அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கு இது. நிர்வாகப் பணியில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் அதில் "தொழிலாளி" என்ற வரையறைக்குள் வரமாட்டாங்க.

என்ன செய்யலாம்?

1. இன்னைக்கே குறிக்க ஆரம்பிங்க. வந்த நேரம், போன நேரம், லஞ்ச் எவ்வளவு நேரம், யார் இருக்கச் சொன்னது. பஞ்ச் ரிப்போர்ட், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் ஆதாரம்தான். கம்பெனியின் ரகசிய ஃபைல்களைத் தொடாதீங்க.

2. எழுத்தில் கேளுங்க. "இந்த மாதம் இத்தனை மணி நேரம் கூடுதலாக வேலை செய்துள்ளேன். ஓவர்டைம் தொகை எந்த மாதச் சம்பளத்தில் வரும்?" இந்த இரண்டு வரி போதும். கோபம் வேண்டாம்.

3. தனியா போகாதீங்க. ஒரே டீமில் நாலு பேருக்கு இதே பிரச்சனைன்னா நாலு பேரும் சேர்ந்து கேளுங்க.

4. பதில் இல்லையா? உங்க மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் தரலாம்.

"கேட்டா வேலை போயிடுமே?" நியாயமான பயம்தான். தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரை, நியாயமான காரணம் இல்லாமல் நீக்கக் கூடாதுன்னு பிரிவு 41 சொல்லுது. காரணம் இருந்தாலும் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தரணும். ஒழுங்கீனக் குற்றச்சாட்டுன்னா முறையா விசாரணை நடத்தணும். ஆனா நீக்கிட்டா, மேல்முறையீடு முடியும் வரை வீட்டு வாடகை காத்திருக்காது. அதனால மூணு மாதச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்டை முதலில் சேர்த்துடுங்க. கையில் அந்தப் பணம் இருந்தால் உரிமையைக் கேட்கிற தைரியம் தானா வரும்.

இந்த மாச பே ஸ்லிப்பை எடுத்து, உங்க ஒரு மணி நேரத்தின் விலை என்னன்னு இப்பவே போட்டுப் பாருங்க. அந்த நம்பர் தெரிஞ்ச பிறகு முடிவு உங்க கையில்.