145 மெகாஹெர்ட்ஸ்ல யாருமே இல்லையா?

இந்த மாதப் பாடம் ரேடியோ பற்றியது. ஃபார்முலா ஒண்ணே ஒண்ணுதான், பயப்படாதீங்க.

ஒரு சூழ்நிலையை யோசிச்சுப் பாருங்க. தை, மாசி சம்பா அறுவடை நேரம். திருத்துறைப்பூண்டி பக்கத்தில் வயலுக்குள் அறுவடை மிஷின், ரோட்டோரம் டிராக்டர், நெல் கொள்முதல் நிலைய வாசலில் லாரி வரிசை. நீங்க இ.சி.இ. படிக்கிறீங்கன்னு தெரிஞ்சு ஒரு லாரி ஓனர் மாமா வர்றார். "தம்பி, ஆன்லைன்ல நாலு வாக்கி-டாக்கி வாங்கிட்டேன். இதுல எந்த நம்பர் போட்டா டிரைவருங்க பேசிக்கலாம்?"

கருவியை வாங்கிப் பார்க்கிறீங்க. பாவ்ஃபெங் மாதிரி ஒரு சீன செட். 136-லிருந்து 174 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், அப்புறம் 400-க்கு மேலயும் எந்த எண்ணை அடிச்சாலும் ஏத்துக்குது. 145-ல் வச்சுக் காது கொடுத்தா ஒரு சத்தமும் இல்லை. "சும்மாதான் கிடக்கு, இதுலயே பேசுங்க மாமா" என்று சொல்லத் தோணும்.

அந்த "சும்மாதான் கிடக்கு" சரியா என்பதுதான் இந்தப் பாடம்.

லாரிக்காரர்களும் ரேடியோவும்

லாரி ஓட்டுநர்கள் ரேடியோவைத் தேடிப் போவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அமெரிக்காவில் டீசலுக்குத் தட்டுப்பாடு. அடுத்த ஆண்டிலேயே நாடு முழுக்க மணிக்கு 55 மைல் வேகக் கட்டுப்பாடு. எந்த பங்கில் டீசல் இருக்கு, எங்கே போலீஸ் நிக்குது என்று சொல்லிக்கொள்ள லாரிக்காரர்கள் 27 மெகாஹெர்ட்ஸ் சி.பி. ரேடியோவை, அதாவது சிட்டிசன்ஸ் பேண்டை, பிடிச்சுக்கிட்டாங்க. அந்த அலைவரிசை 1958 வரை அங்கே அமெச்சூர் ரேடியோக்காரர்களிடம்தான் இருந்தது. அவர்களிடமிருந்து எடுத்துப் பொதுமக்களுக்குக் கொடுத்தார்கள். கூட்டம் கூடி நெரிசலானதும், சிலர் செட்டை மாத்தி அமைச்சு, பக்கத்திலேயே இருக்கும் 28 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் அலைவரிசைக்குள் ஏறிட்டாங்க. உரிமம் கிடையாது, அழைப்புக்குறியும் கிடையாது.

பிரேசில் கதை இன்னும் பெரிசு. அமெரிக்கக் கடற்படை 1978 முதல் ஏவிய ஃப்ளீட்சாட்காம் செயற்கைக்கோள்கள் கீழிருந்து வருவதை அப்படியே வாங்கித் திருப்பி அனுப்பும் வகை. "நீ யாரு?" என்று கேட்கும் வசதியே அதில் இல்லை. பிரேசிலின் லாரி ஓட்டுநர்களும் காட்டுமரம் வெட்டுகிறவர்களும் அமெச்சூர் செட்டை எடுத்து, ஒரு வராக்டர் டயோடும் கொஞ்சம் காயிலும் வச்சு அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கினார்கள். 146-ஐ இரட்டிப்பாக்கினால் 292 மெகாஹெர்ட்ஸ். செயற்கைக்கோள் கேட்டுக்கொண்டிருந்த இடம் அதுதான். அமேசான் காட்டுச் சாலையில் இருந்துகொண்டு கடற்படை செயற்கைக்கோள் வழியாக ஊர்க்கதை! 2009 மார்ச்சில் பிரேசில் போலீஸ் ஒரே நடவடிக்கையில் 39 பேரைப் பிடித்தது.

டயோடு சர்க்யூட்டைப் பார்த்து விசில் அடிக்கத் தோணுதா? எனக்கும்தான். ஆனா ஒரு விஷயத்தைக் கவனிங்க. அவர்களுக்குத் தேவை உண்மையானது. செல்போன் எடுக்காத சாலையில் வண்டி நின்னுட்டா என்ன பண்றது? நம்ம கோடியக்கரை, வேதாரண்யம் மீனவர்களிடம் நடுக்கடலில் பறிக்கப்பட்ட பொருள்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் ஜி.பி.எஸ்.ஸோடு வாக்கி-டாக்கியும் இருக்கும். கரையை விட்டுத் தள்ளிப் போகிறவருக்கு அது உயிர்க்கருவி. ஆக, பேசணும் என்பது தப்பில்லை. எங்கே பேசுகிறோம் என்பதுதான் கேள்வி.

இப்போ கணக்கு

145 மெகாஹெர்ட்ஸ் அலை பெரும்பாலும் நேர்க்கோட்டில் போகும். தரையில் அது எட்டும் தூரம் ஆன்டெனாவின் உயரத்தைப் பொறுத்தது:

தூரம் (கி.மீ.) = 4.12 × (√உ1 + √உ2)

உ1, உ2 என்பவை இரண்டு ஆன்டெனாக்களின் உயரம், மீட்டரில். லாரி கேபின் மேல் 4 மீட்டரில் ஆன்டெனா இருந்தால், லாரிக்கு லாரி 4.12 × (2 + 2), சுமார் 16 கி.மீ. கையில் பிடித்த செட் என்றால் உயரம் 1.5 மீட்டர், தூரம் சுமார் 10 கி.மீ. மலைநாட்டில் இந்தக் கணக்கு உதைக்கும். டெல்டாவில் மேடும் கிடையாது, குன்றும் கிடையாது. அதனால் கணக்குக்கு ஓரளவு கிட்டத்தில் வரும். தென்னந்தோப்பும் கட்டிடமும் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

"அப்போ 16 கி.மீ.க்குள்ள ஹாம் யாரும் இல்லைன்னா பிரச்சினை இல்லையே?" என்று கேட்பீங்க. இங்கேதான் திருப்பம். அலை பக்கவாட்டில் மட்டுமா போகுது? மேலேயும் போகுது.

பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுத்துது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் சுத்துவட்டம் சுமார் 2,200 கி.மீ. வரைக்கும் தெரியும். அது நம்ம தலைக்கு மேல் வரும்போது டில்லி, காத்மாண்டு, அந்தமான் எல்லாமே அந்த வட்டத்துக்குள். அந்த நிலையத்தில் ஒரு அமெச்சூர் ரிப்பீட்டர் இருக்கு. 145.990 மெகாஹெர்ட்ஸில் கேட்டு, 437.800-ல் திருப்பிச் சொல்லும். கையில் பிடிக்கிற 5 வாட் செட்டை வைத்தே அதோடு பேசுகிறவர்கள் உண்டு. அப்படியென்றால் லாரியிலிருந்து போகும் 5 வாட்டும் அங்கே போய்ச் சேரும்.

ஆனா லாரி டிரைவருக்கு இது தெரியவே தெரியாது. அவர் கேட்பது 145.990-ல். பதில் வருவது 437.800-ல். அவர் காதில் விழுவது மௌனம் மட்டும்தான். "இங்க யாரும் இல்ல" என்று முடிவு பண்ணிடுவார். தரையில் இருக்கும் ரிப்பீட்டர்களும் இதே மாதிரிதான்: ஒரு அதிர்வெண்ணில் கேட்கும், வேறொன்றில் பேசும். கேட்கும் பக்கத்தில் போய் நின்னா எப்பவும் காலியாகத்தான் தெரியும்.

எஃப்.எம்.முக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரே அதிர்வெண்ணில் ரெண்டு பேர் பேசினால், ரிசீவர் வலுவான சிக்னலைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். ரெண்டும் ஏறத்தாழ சமம் என்றால் கரகரப்புதான் மிச்சம். "லோடு ஏத்தியாச்சா?" என்ற ஒரு வரி, விண்வெளி வழியாகப் பேச முயலும் இன்னொரு ஊர் மாணவியின் குரலை அழிச்சிடலாம். ரெண்டு பேருக்கும் அது தெரியாது.

அந்த மௌனம் எதுக்கு?

இந்தியாவில் 144 முதல் 146 வரையும், 434 முதல் 438 வரையும் அமெச்சூர்களுக்கான இடங்கள். அங்கே அதிக நேரம் நடப்பது பேச்சு இல்லை, கேட்பதுதான். 2005 மே 5-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ஏற்றிச் சென்ற ஹாம்சாட் 2014 வரை 145.9 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் பூமிக்குப் பேசியது. அதிலிருந்த ரெண்டு டிரான்ஸ்பாண்டர்களில் ஒன்றைச் செய்தது நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு மாணவர். நம்மள மாதிரி ஒரு ஸ்டூடண்ட்!

2004 டிசம்பர் 26 சுனாமி அன்னிக்குப் போர்ட் பிளேரில் இருந்தவர் பாரதி பிரசாத். ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனக் குழுவோடு, வி.யு.4.ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக்குறியில் உலகத்தோடு பேசப் போயிருந்தார். அலை வந்து தொலைபேசி அறுந்ததும் அதே செட், தீவிலிருந்து தகவல் வெளியே வரும் வழியாக மாறியது. அழைப்புக்குறியைக் கேட்டதும் எதிரில் இருப்பவருக்கு இவர் யார், எந்த ஊர் என்று தெரியும். பதற்றமான நேரத்தில் தகவலை நம்ப முடிவதும் அதனால்தான்.

கஜாவை உங்களுக்குச் சொல்லித் தரணுமா? 2018 நவம்பர் 16 விடியற்காலை, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கம் மின்கம்பங்கள் சாய்ந்து பல நாள் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாம டவர் எத்தனை நேரம் ஓடும்? அப்படிப்பட்ட ராத்திரியில் ஒரு கார் பேட்டரியும் ஒரு கம்பி ஆன்டெனாவும் இருந்தால் வேலை செய்யும் தகவல் வழி ஹாம் ரேடியோ. அந்த ராத்திரியில் அதிர்வெண் காலியாக இருக்கணும் என்றால், சாதாரண நாளிலும் அதில் ஒழுங்கு இருக்கணும்.

சரி, மாமாவுக்கு என்ன பதில்?

முதலில் ஒரு தப்பெண்ணத்தைச் சரி செய்வோம். "மாமா ஹாம் லைசென்ஸ் எடுத்துட்டா போதும்" என்று சிலர் நினைப்பாங்க. போதாது. அமெச்சூர் அலைவரிசையில் தொழில் பேச்சே கூடாது. லோடு, வாடகை, எடை, இதெல்லாம் உரிமம் இருந்தாலும் அங்கே பேச முடியாது. அவருக்கான இடங்கள் வேறே:

1. 27 மெகாஹெர்ட்ஸ் சி.பி. இந்தியாவில் 26.957 முதல் 27.283 வரை, 5 வாட்டுக்குள், 2005 விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அலைநீளம் சுமார் 11 மீட்டர். கால் அலை ஆன்டெனாவே 2.75 மீட்டர் வரும். கையில் தூக்க முடியாது, லாரிக்குப் பொருந்தும்.

2. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ். 2018 விதிகளின்படி குறைந்த திறன் கருவிக்கு உரிமம் வேண்டாம். கால் அலை 17 செ.மீ.தான். வயலுக்கும் வரப்புக்கும், கொள்முதல் நிலைய வளாகத்துக்கும், திருவாரூர் தேர்க் கூட்டத்தில் தொண்டர்களுக்கும் இது சரியாக இருக்கும்.

3. மாவட்டம் தாண்டிப் பேசணும் என்றால், நிறுவனத்தின் பெயரில் மத்திய தொலைத்தொடர்புத் துறையிடம் விண்ணப்பித்துத் தனி அதிர்வெண் வாங்கணும். படகு என்றால் 156 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள கடல்சார் வி.எச்.எஃப். சேனல்கள். ஆபத்து அழைப்புக்கு 16-ம் சேனல், 156.8.

இன்னொரு நுணுக்கம். அந்த சீன செட்டையே 446-க்கு மாத்தி வச்சாலும் சட்டப்படி ஆகாது. விலக்கு அதிர்வெண்ணுக்கு மட்டும் இல்லை, கருவிக்கும் சேர்த்துத்தான். திறன் வரம்புக்குள் இருக்கணும், இ.டி.ஏ. என்ற கருவி வகை ஒப்புதலும் இருக்கணும். 1933-ம் ஆண்டு வயர்லெஸ் தந்திச் சட்டம் அனுமதியில்லாத கருவியைக் கையில் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனைத் தளங்களுக்கு 13 நோட்டீஸ் அனுப்பியதும் இதற்காகத்தான்: எந்த அதிர்வெண், உரிமம் வேணுமா, ஒப்புதல் இருக்கா என்று எதையும் சொல்லாமல் வித்தார்கள். ஆக, மாமா ஏமாத்தினவர் இல்லை, விவரம் சொல்லப்படாதவர். அந்த விவரத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பது நீங்க.

நமக்கு?

ஹாம் உரிமம் 12 வயதானாலே எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் நிலைக்கு மோர்ஸ் தேவையில்லை. ஜெனரல் நிலைக்கு நிமிடத்துக்கு 8 சொல் மோர்ஸ் வேணும். ரேடியோ தத்துவம், விதிமுறை என ரெண்டு பகுதி. முதல் பகுதியில் பாதி நீங்க ஏற்கெனவே செமஸ்டரில் எழுதினதுதான். தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் தளத்தில் விண்ணப்பிக்கலாம். செட்டை உரிமம் வந்த பிறகு வாங்குங்க. அதுவரை புத்தகமும், ஏற்கெனவே உரிமம் உள்ள ஒரு சீனியரும் போதும்.

வீட்டுப்பாடம்

அ) 30 மீட்டர் டவரில் ஒரு ஆன்டெனா, லாரியில் 4 மீட்டரில் ஒன்று. தூரம் எவ்வளவு? (விடை: சுமார் 31 கி.மீ.)

ஆ) உங்க கல்லூரியிலிருந்து உங்க ஊர் வரைக்கும் டவர் எல்லாம் அணைஞ்சுட்டா, தகவல் சொல்ல எத்தனை ரிப்பீட்டர் வேணும், எந்த உயரத்தில்? வரைபடத்தில் குறிச்சுப் பாருங்க.

ரெண்டாவது கேள்விக்கு விடை தரப் போவதில்லை. டெல்டாவில் புயல் மாதம் ஐப்பசி, கார்த்திகை. அதுக்குள்ள போட்டு முடிச்சா நல்லது.