உடற்கூற்றியலா, உடற்றொழிலியலா: எது கடினம்?

உயர்தரத்தில் உயிரியல் எடுக்க விரும்பும் மாணவிகளும் அவர்களது பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மருத்துவத்திற்கோ தாதியியலுக்கோ போனால் முதலில் உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும் படிக்க வேண்டுமாமே, இரண்டில் எது கஷ்டம்?" இந்தக் கேள்விக்குப் பின்னால் ஓர் அச்சம் இருக்கிறது. "எனக்குப் பாடமாக்க வராது" என்று சொல்லி உயிரியலையே கைவிடும் பிள்ளைகள் உண்டு. "எல்லாவற்றையும் பாடமாக்கிவிடுவேன்" என்று துணிந்து சென்று, பின்னர் தடுமாறும் பிள்ளைகளும் உண்டு. இரு சாராருக்கும் பயன்படும் வகையில் இவ்விரு பாடங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

உடற்கூற்றியல் என்பது உடலின் அமைப்பைப் பற்றியது: எந்த உறுப்பு எங்கே இருக்கிறது, அதன் வடிவம் என்ன, அதன் அயலில் இருப்பது எது என்று சொல்வது. உடற்றொழிலியல் என்பது அந்த உறுப்பு எவ்வாறு, ஏன் வேலை செய்கிறது என்று விளக்குவது.

உடற்கூற்றியலின் கடினம் அதன் அளவில் இருக்கிறது. வளர்ந்த மனிதரின் உடலில் 206 என்புகள் உண்டு. ஒரு கையின் மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை மட்டும் 27. ஒவ்வோர் என்புக்கும் பெயர், அதன் மேடு பள்ளங்களுக்குப் பெயர், அதில் பற்றும் தசைக்குப் பெயர், அத்தசைக்குச் செல்லும் நரம்புக்குப் பெயர். ஒன்றைத் தனியே எடுத்தால் விளங்காதது எதுவுமில்லை. எல்லாம் சேர்ந்து வரும்போதுதான் மலைப்பு ஏற்படுகிறது.

எனினும் உடற்கூற்றியல் வெறும் பெயர்ப் பட்டியல் அன்று. முழங்கையின் உட்புறத்தை மேசை விளிம்பில் இடித்துக்கொண்டால் சின்னவிரல் வரை மின்சாரம் பாய்ந்தது போல இருக்கும், இல்லையா? அவ்விடத்தில் ஒரு நரம்பு புயவென்பின் மேட்டுக்குப் பின்னால், தோலுக்குச் சற்றுக் கீழே செல்கிறது. சின்னவிரலுக்கு உணர்ச்சி தருவதும் அதே நரம்புதான். இதைத் தன் கையிலேயே தடவிப் பார்த்துப் படித்த மாணவி அந்த நரம்பின் வழியை எளிதில் மறக்கமாட்டாள்.

உடற்றொழிலியலில் பெயர்கள் குறைவு. அதன் கடினம் தொடர்பில் இருக்கிறது. நோன்பு நாளொன்றில் அஸருக்குப் பிறகு சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போவதைக் கவனித்திருப்பீர்கள். ஏன்? உடலில் நீர் குறைய, குருதி செறிவடைகிறது. மூளையின் ஒரு பகுதி அதை உணர்கிறது. கபச்சுரப்பியிலிருந்து ஓர் ஓமோன் கூடுதலாக வெளியேறுகிறது. அது சிறுநீரகத்துக்குச் சென்று, வெளியேற இருந்த நீரை மீண்டும் குருதிக்குள் உறிஞ்சச் செய்கிறது. நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் திரவத்தை வடிக்கின்றன. வெளியேறுவதோ சுமார் ஒன்றரை லீற்றர்தான். மீதி அனைத்தும் உடலுக்கே திரும்புகிறது.

இந்தச் சங்கிலியைப் பாடமாக்கி எழுதிவிடலாம். ஆனால் "நோன்பு திறந்து மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்தால் என்ன நடக்கும்?" என்று கேட்டால், பாடமாக்கியவள் நின்றுவிடுவாள். விளங்கியவளோ அதே சங்கிலியை மறுபக்கமாக ஓட்டிக் காட்டுவாள்.

ஆகவே ஒன்றில் நினைவாற்றலுக்கும் மற்றதில் காரணம் தேடும் அறிவுக்கும் கூடுதல் வேலை. எது கடினம் என்பது படிப்பவரின் பழக்கத்தைப் பொறுத்தது. ஆனால் ஒன்றை விட்டு மற்றதைப் படிப்பவருக்கு இரண்டுமே கடினமாகிவிடும்.

இதற்கு மருத்துவ வரலாற்றிலேயே சான்று உண்டு. இதயத்தின் வலப்புறக் குருதி, நடுச்சுவரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகளால் இடப்புறம் செல்கிறது என்று பண்டைய மருத்துவர் கேலன் எழுதினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உலகம் அதை நம்பியது. 13ஆம் நூற்றாண்டில் டமஸ்கஸில் கற்று கெய்ரோவில் பணியாற்றிய இப்னு அந்நபீஸ், அச்சுவர் தடித்தது, அதில் துளைகள் இல்லை என்றார். அப்படியானால் குருதி எவ்வழியாகச் செல்கிறது? நுரையீரல் வழியாகத்தான் என்ற முடிவுக்கு அவர் வந்தார். அமைப்பைச் சரியாக அறிந்தது தொழிற்பாட்டைச் சரியாக விளக்க வழிகாட்டியது.

நம் யாழ்ப்பாணத்திலும் ஒரு சான்று உண்டு. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் அறுபதுக்கும் மேற்பட்டோருக்கு மேலைத்தேய மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலும் பின்னர் தமிழிலும் பாடங்கள் நடந்தன. அவர் முதலில் தமிழாக்கிய நூல்களுள் ஒன்று உடற்கூற்றியலையும் உடற்றொழிலியலையும் சுகாதாரத்தையும் ஒன்றாகத் தந்தது. பின்னர் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1883இல் 'மனுஷ சுகரணம்' எனத் தனித்தனிப் பெருநூல்கள் வெளிவந்தன. முன்னையது அமைப்பு, பின்னையது தொழிற்பாடு. தொடக்கத்தில் இரண்டையும் சேர்த்தே கற்பது நன்று என்பதை அந்த வரிசையும் நமக்குக் காட்டுகிறது.

இன்று நம் மாணவிகளுக்கு மூன்றாவது கடினம் ஒன்றும் உண்டு, அது மொழி. தமிழில் உயர்தரம் படித்த பிள்ளை பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் ஆங்கிலத்தில் கற்க வேண்டும். 'புயவென்பு' என்று அறிந்தது அங்கே 'ஹியூமரஸ்' ஆகிவிடும். பாடம் கடினம் என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு உண்மையில் இந்தச் சொல்மாற்றம்தான்.

எப்படிப் படிக்கலாம்?

1. உடற்கூற்றியலைத் தினமும் சிறிது சிறிதாகப் படியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டுப் படம் வரையுங்கள். பிறகு திறந்து பார்த்துத் திருத்துங்கள்.

2. உடற்றொழிலியலுக்கு நீண்ட நேரம் ஒதுக்குங்கள். நிகழ்வுகளை அம்புக்குறியிட்டு எழுதுங்கள். ஒரு கண்ணியை மாற்றினால் என்னவாகும் என்று உங்களையே கேளுங்கள். உம்மாவுக்கோ தங்கைக்கோ சாதாரணப் பேச்சில் விளக்க முடிந்தால் பாடம் விளங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

3. ஒவ்வோர் அமைப்புக்கும் ஒரு "ஏன்" சேருங்கள். இதயத்தின் இடது இதயவறைச் சுவர் வலதைவிட ஏன் தடிப்பானது? வலது அருகிலுள்ள நுரையீரலுக்குக் குருதியைத் தள்ளினால் போதும். இடது உடல் முழுவதற்கும் தள்ள வேண்டும்.

4. ஒரு கொப்பியில் தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல், பொருள் என மூன்று நிரல்கள் இடுங்கள். 'நெஃப்ரோ' சிறுநீரகத்தையும் 'கார்டியோ' இதயத்தையும் குறிக்கும் என்பது போன்ற சில வேர்ச்சொற்கள் பல சொற்களைத் திறந்துவிடும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "எத்தனை பக்கம் பாடமாக்கினாய்?" என்று பிள்ளையிடம் கேட்பதோடு, "இன்று படித்ததை எனக்கு விளங்கச் சொல்லு" என்றும் கேட்டுப் பாருங்கள். பாடமாக்க வராது என்று தயங்கும் பிள்ளை, விளக்கிச் சொல்வதில் கெட்டிக்காரியாக இருக்கக்கூடும். அவளுக்கும் இத்துறையில் இடமுண்டு.