கரையேறிய படகும் கத்திரி வெயிலும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15ஆம் தேதி நம் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும், காசிமேடு முதல் தூத்துக்குடி வரையில் பழுதுபார்க்க வேண்டிய விசைப்படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறுகின்றன. முன்னர் 45 நாளாக இருந்த தடை 2017ஆம் ஆண்டு முதல் 61 நாளாக நீட்டிக்கப்பட்டதால், ஜூன் 14 வரையில், கத்திரி வெயில் முழுவதையும் தரையில் நின்றே தாங்க வேண்டிய நிலைமை அப்படகுகளுக்கு நேர்ந்திருக்கிறது. வருமானமே இல்லாத அந்த இரண்டு மாதங்களில், கடன்பட்டேனும் படகைச் செப்பனிடும் மீனவர் செய்யும் செலவுகளில் முக்கியமான ஒன்று, படகின் அடிப்பாகத்துக்குப் பூசும் பாசித்தடை வர்ணம். அந்த வர்ணத்துக்கும் வெயிலுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றித் துறைமுகங்களில் வழங்கிவரும் அபிப்பிராயங்கள் சிலவற்றை இங்கே பரிசீலிப்போம். ஏனெனில், அவற்றால் விளையும் நஷ்டம் உழைப்பாளியின் மடியிலிருந்து போவது.

கடல்நீரில் நிலையாகக் கிடக்கும் எப்பொருளின் மீதும் பாசியும் கொட்டலசும் சிப்பியும் பற்றிக்கொள்வது இயற்கை. அவை பற்றிய படகு வேகம் குன்றி, டீசலை மிகுதியாகக் குடிக்கிறது. இதைத் தடுக்கத்தான் 1761ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படை ‘அலார்ம்’ என்னும் கப்பலின் அடியில் தாமிரத் தகடு பொருத்திப் பார்த்தது. இன்றைய வர்ணங்களிலும் பெரும்பாலும் தாமிரமே, செம்பழுப்பு நிறமுள்ள தாமிர ஆக்ஸைடு என்னும் தூளாக, பிசினோடு கலந்து நிற்கிறது. அது நீரில் சிறுகச் சிறுகக் கரைவதனால் பாசியும் கொட்டலசும் படகில் எளிதில் குடியேற முடிவதில்லை. அன்றாடம் கரைக்கு இழுக்கப்பட்டு வெயிலில் காயும் கட்டுமரத்துக்கு இத்தகைய பாதுகாப்புத் தேவைப்பட்டதில்லை. பற்ற வந்த உயிர் காய்ந்து மடிந்துவிடும். கட்டுமரத்துக்குத் துணையாக இருந்த அதே வெயில்தான் வர்ணம் பூசிய படகுக்குப் பகையாகிறது.

நம்பிக்கை: நீரில் கரைவதற்காகவே செய்த வர்ணம், கரையில் இருக்கும்வரை கெடாது.

உண்மை: இதில் பாதி மெய். நீரில்லாத இடத்தில் தாமிரம் கரைவதில்லை. ஆகவே மருந்து செலவாவதில்லை. ஆனால் அம்மருந்தைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் வேறு விதமானது. சூரியனின் புற ஊதாக் கிரணங்கள் பிசினின் அணுப் பிணைப்புகளை முறிக்கின்றன. காற்றிலுள்ள பிராணவாயு முறிந்த இடங்களில் புகுந்து அதை மேலும் சிதைக்கிறது. பைன் மரப் பிசின் கலந்த மலிவான, மென்மையான வர்ணங்களில் இச்சிதைவு அதிகம். நாளடைவில் அவை விறைத்து, நுண்ணிய வெடிப்புகள் காண்கின்றன. தாமிரத்துக்குத் துணையாகச் சில வர்ணங்களில் சேர்க்கப்படும் ஜிங்க் பைரிதியோன் போன்ற சேர்மங்களும் ஒளிபட்டால் சிதையும் சுபாவம் உடையவை.

நம்பிக்கை: அடிப்பாகம் எப்போதும் படகின் நிழலிலேயே இருப்பதால், வெயில் அதை அண்டாது.

உண்மை: ஏப்ரல், மே மாதங்களின் நடுப்பகலில் சூரியன் ஏறக்குறைய நம் தலைக்கு நேரே நிற்பதால், அந்த நேரத்துக்கு மட்டும் இவ்வாதம் பொருந்தும். காலை ஒன்பது மணி வெயிலும் மாலை நான்கு மணி வெயிலும் சாய்ந்து வந்து படகின் விலாவில் நேராக விழுகின்றன. அன்றியும், புற ஊதாக் கிரணங்களில் கணிசமான பங்கு வானவெளியில் சிதறி நாலா திசைகளிலிருந்தும் வருகிறது; உலர்ந்த கடற்கரை மணலோ தன்மீது விழும் அக்கிரணங்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தை மேல்நோக்கித் திருப்பி அனுப்புகிறது. ஒரு மாதம் கரையில் நின்ற படகின் விலாவில் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துப் பார்த்தால் இது பிரத்தியட்சமாகத் தெரியும்: நீர்மட்டக் கோட்டை ஒட்டிய பட்டையில் துணி முழுவதும் நிறம் ஏறும், படகின் அடிக்கட்டையான ஏராவை அடுத்த பகுதியில் அவ்வளவு ஏறாது. துணியில் வருவது, பிசின் அழிந்ததனால் பிடிப்பற்றுப்போன வர்ணத்தூள்.

நம்பிக்கை: பச்சை பூத்துவிட்டால் வர்ணம் செத்துவிட்டது, முழுவதையும் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்.

உண்மை: மீனவரின் பணத்தை மிகுதியாக விழுங்கும் நம்பிக்கை இதுவே. ஈரக் காற்றும் உப்பும் பட்ட தாமிர ஆக்ஸைடு, மேற்பரப்பில் பச்சை நிறமான உப்புகளாக மாறுகிறது. அவை எளிதில் கரையாமல் படலத்தை அடைத்துக்கொள்வதால், அந்நிலையிலேயே கடலில் இறக்கினால் வர்ணம் மந்தமாகத்தான் வேலை செய்யும். ஆனால் இம்மாறுதல் தோலளவே. வர்ணத்தில் செறிந்திருக்கும் தூளே ஒளியை உள்ளே விடாமல் தடுத்துவிடுவதால், கீழ்ப்படலம் பெரும்பாலும் பழுதின்றியே இருக்கும். பச்சை பூத்த இடத்தில், நீர்த்தாளை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை) நனைத்து ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்கு மெல்லத் தேய்த்துப் பாருங்கள். சில தேய்ப்புகளில் பச்சை விலகி, வர்ணத்தின் சொந்த நிறம் புதிதாய் வெளிப்பட்டால், அடியில் இருப்பது நல்ல சரக்கு. மேல்தோலை மட்டும் நீக்கி, தேய்ந்துபோன இடங்களில் ஒரு பூச்சுக் கொடுத்தால் போதும். தேய்க்கும்போதே செதில் செதிலாக உதிர்ந்தாலோ, உள்ளே இருக்கும் மரமோ இரும்போ தெரிந்தாலோ, அப்போது சுரண்டுவதில் நியாயம் உண்டு.

நம்பிக்கை: தடைக்காலம் தொடங்கியதும் பூசிவிட்டால், இரண்டு மாத வெயிலில் வர்ணம் நன்றாக இறுகும்.

உண்மை: இறுகுவதற்கு வேண்டிய காலம் மணிக்கணக்கிலோ, மிஞ்சினால் ஓரிரு நாள் அளவிலோதான். அதன்பின் படும் வெயில் அனைத்தும் வீண் சேதம். பூசியபின் எத்தனை காலத்துக்குள் படகை நீரில் இறக்க வேண்டும் என்பதற்குத் தயாரிப்பாளர்கள் வரம்பு விதித்திருப்பதே இதற்குப் போதிய சாட்சி. மென்பிசின் வர்ணத்துக்கு அவ்வரம்பு குறுகியது. நீரில் தானாகவே மெல்லத் தேய்ந்து புதுப்பித்துக்கொள்ளும் உயர்ந்த வகைகளுக்குச் சற்று நீண்டது. ஆகவே பலகை இடுக்குகளில் கலப்பத்து அடைத்தல், பலகை மாற்றுதல், முதற்பூச்சு முதலான வேலைகளை முன்னதாக முடித்துக்கொண்டு, பாசித்தடை வர்ணத்தைக் கடலிறங்கும் நாளையொட்டிப் பூசுவதே முறை. அதையும் உச்சிவெயிலில் செய்யலாகாது. மேல்தோல் முந்திக் காய்ந்து, உள்ளே சிறைப்பட்ட கரைப்பான் பின்னர்க் கொப்புளமாக எழும்.

நம்பிக்கை: பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக்கிச் சுற்றிவிட்டால் எல்லாம் பத்திரம்.

உண்மை: வெயில் தடுக்கப்படும், ஆனால் உள்ளே அடைபட்ட ஈரமும் உப்பும் சேர்ந்து அந்தப் பச்சைப் பூப்பையே வளர்க்கும். கரையேறிய அன்றே, பாசியும் உப்பும் காய்வதற்கு முன் நன்னீரால் கழுவிவிட்டு, படகின் விளிம்பிலிருந்து பழைய பாயோ நிழல்வலையோ பாவாடைபோல் தொங்கவிட்டு, காற்று உள்ளே புகுந்து வெளியேற இடம் வைப்பதே சிறந்தது. மரப்படகுக்கு இதனால் இன்னொரு லாபமும் உண்டு: பலகைகள் அளவுக்கு மீறிக் காய்ந்து சுருங்குவதும், இணைப்புகள் விரிந்து வர்ணம் அவ்வழியே கீறுவதும் குறையும்.

நம்பிக்கை: கெட்ட மேல்தோலை உலர்ந்தபடியே தேய்த்துத் தட்டிவிடலாம், தூள் மண்ணோடு மண்ணாய்ப் போய்விடும்.

உண்மை: இது எல்லாவற்றிலும் கொடியது. கடலுயிர்களைத் தடுப்பதற்கென்றே சேர்த்த நஞ்சு அந்தத் தூளில் இருக்கிறது; தேய்ப்பவரின் சுவாசத்தில் முதலில் அதுதான் போகிறது; எஞ்சியது முதல் மழையில் துறைமுகத்து நீரில் சேர்கிறது. தாமிரத்தைவிடக் கொடிய டிரைபியூட்டைல் டின் என்னும் சேர்மம் இத்தகைய வர்ணங்களில் தாராளமாகப் புழங்கி, பிரான்ஸின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பையே நிலைகுலையச் செய்ததும், 2001ஆம் ஆண்டில் நிறைவேறி 2008ஆம் ஆண்டில் அமலுக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை அதை விலக்கியதும் நாம் மறக்கலாகாத பாடங்கள். தேய்ப்பதை நனைத்தே தேய்க்க வேண்டும். மூக்கையும் கண்ணையும் காத்துக்கொள்ள வேண்டும். கீழே பாய் விரித்து, விழுந்த கழிவைத் திரட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

படகு உரிமையாளர்களுக்கும் கரையில் வேலை செய்யும் தொழிலாளர்களுக்கும் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: பச்சையைக் கண்டு அஞ்சிச் சுரண்டுகோலை எடுக்குமுன், ஈரத் தாளால் ஓரிடத்தைத் தேய்த்துப் பாருங்கள்; கரையேறிய நாளே நிழல் கட்டுங்கள்; கடலிறங்கும் வாரத்தில் வர்ணம் பூசுங்கள்; உதிர்ந்த தூளைக் கடலுக்கு அனுப்பாதீர்கள். நாம் வலைவிரித்துப் பிழைக்கும் அதே நீரில்தான் அந்த நஞ்சும் போய்ச் சேரும்.